குனிஞ்சு போடும்போது தெரியாத பிழை, வாசல் கேட் பக்கத்துல நின்னா எப்படித் தெரியுது? (கோலமும் கண்ணும்)

மாக்கோலம் (சத்துவாச்சாரி) | மார்கழி 11, காலை 8:10

எல்லாருக்கும் வணக்கம். மூணு நாளா ஒரு விஷயம் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மார்கழி 8ஆம் தேதி வாசல்ல சிக்குக் கோலம் போட்டேன். 15 புள்ளி, 8ல நிறுத்தி, ஊடு புள்ளி. விடிகாலை நாலே முக்காலுக்கு உட்கார்ந்தவ ஆறு மணிக்குத்தான் எழுந்தேன். ஒவ்வொரு சுழியையும் பார்த்துப் பார்த்துத்தான் இழுத்தேன். கம்பி எங்கேயும் திக்கல, மாவு எங்கேயும் தடிக்கல. முடிச்சுட்டு இடுப்பை நிமிர்த்தும்போது என் மாமனார் பால் வாங்கிட்டு கேட்டைத் திறந்தார். உள்ளே காலைக்கூட வைக்கல. "ஏம்மா, கோலம் ஒரு பக்கமா இழுக்குதே"ன்னார்.

எந்தப் பக்கம் மாமான்னு கேட்டேன். "தெரியலம்மா, ஆனா இழுக்குது"ன்னார். நான் குனிஞ்சு வரிசை வரிசையா தேடினேன். ஒண்ணுமே கிடைக்கல. அப்புறம் மொட்டை மாடிக்கு ஏறி போன்ல படம் எடுத்தேன். படத்தைப் பார்த்ததும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. வலது ஓரத்துல மூணாவது வரிசையில ஒரு புள்ளி சிக்காமலே நிக்குது. அந்த ஒரு சுழி விட்டுப்போனதால பக்கத்துக் கம்பி நேரா ஓடி, அந்த மூலையே தட்டையா கிடக்கு.

ஒண்ணேகால் மணி நேரம் அதுமேலயே கண்ணை வச்சிருந்தவ நான். எனக்குத் தெரியாதது, 68 வயசுல, கண்ணாடி போடாம, பன்னிரண்டு அடி தள்ளி நின்னவருக்கு எப்படித் தெரிஞ்சுது?

---

வாலாஜா | 8:32

மரத்துல செஞ்ச யானை கதைதான் அக்கா. யானையைப் பார்த்தா மரம் தெரியாது, மரத்தைப் பார்த்தா யானை தெரியாது. நீங்க மரத்தைப் பார்த்தீங்க, மாமா யானையைப் பார்த்தார்.

---

காட்பாடி வாத்தியார் | 9:15

நான் உளவியல் கற்பிப்பவன். சகோதரி கேட்டிருப்பது நூறு வருடமாக ஆராய்ச்சியாளர்கள் மல்லுக்கட்டும் கேள்வி. கோலம் போடுகிறவரே கேட்டிருப்பதில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி, ஏனென்றால் இந்தத் துறை புள்ளிகளில் தொடங்கியதுதான்.

ஜெர்மனியில் உளவியலாளர் மாக்ஸ் வெர்த்தைமர் 1923இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். சன்னல் அருகே நிற்கிறேன், வீடும் மரமும் வானமும் தெரிகின்றன என்று ஆரம்பிப்பார். கண்ணில் விழுவதெல்லாம் வெளிச்சத்தின் அளவுகள்தான் என்று வாதத்துக்காக எண்ணி 327 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நான் பார்ப்பது 327ஐயா? இல்லை, வீடு, மரம், வானம் என்கிறார். அதற்குப் பிறகு அந்தக் கட்டுரையில் பக்கம் பக்கமாகப் புள்ளிகள். நெருங்கி நிற்கும் புள்ளிகள் ஒரு கூட்டமாகத் தெரியும். ஒரே நிறத்துப் புள்ளிகள் ஒரு வரிசையாகத் தெரியும். ஒரே போக்கில் போகிற கோடு குறுக்கே வேறு கோடு வந்தாலும் தன் வழியில் தொடர்வதாகத் தெரியும். கடைசியாகச் சொன்னதுதான் சிக்குக் கோலத்தின் உயிர். நூறு இடத்தில் வெட்டிக்கொண்டாலும் கம்பி எந்தப் பக்கம் போகிறது என்று நம் கண் தடுமாறுவதில்லை.

அடுத்தது 1977. இஸ்ரேலிய உளவியலாளர் டேவிட் நேவன் ஒரு எளிய சோதனை செய்தார். சின்ன எழுத்துகளை அடுக்கி ஒரு பெரிய எழுத்து செய்வது. அவர் ஆங்கில எழுத்தில் செய்ததை நாம் தமிழில் செய்வோம்:

ப
ப
ப
ப
ப ப ப ப

தூரத்தில் இருந்து பாருங்கள், ட. கிட்டே பாருங்கள், ப. கண்சிமிட்டும் நேரம் மட்டும் காட்டி, "பெரிய எழுத்து என்ன" என்று கேட்டால் வேகமாகப் பதில் வருகிறது. சின்ன எழுத்து வேறாக இருந்தாலும் அது குறுக்கே வருவதில்லை. "சின்ன எழுத்து என்ன" என்று கேட்டால், பெரிய எழுத்து வேறாக இருக்கும்போது பதில் தாமதமாகிறது. வேண்டாம் என்று ஒதுக்கினாலும் முழு உருவம் உள்ளே நுழைந்துவிடுகிறது. பகுதி அப்படி நுழைவதில்லை. முழுமை முந்திக்கொள்கிறது என்று இதைச் சொல்வார்கள்.

உங்கள் மாமனார் கண்ணில் முதலில் விழுந்தது முழு உருவம். அதன் சமச்சீர் கெட்டிருப்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது.

வாலாஜா தம்பிக்கு: மரயானை உவமை அழகானது, ஆனால் இங்கே பொருந்தாது என்று நினைக்கிறேன். மரம் யானையின் உறுப்பு அல்ல, யானை செய்யப்பட்ட பொருள். இங்கே நாம் பேசுவது உறுப்பையும் உருவத்தையும்.

---

ஆரணித்தறி | 11:40

சார், நீங்க படிச்சவர், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க தொழில்ல இது தலைகீழ். எனக்கு முதல்ல தெரியறது பிழைதான், புடவை அப்புறம்தான்.

நாங்க ஆரணியில பட்டு நெய்யறவங்க. பாவுல (நீளவாக்கு நூல்) ஒரு இழை அறுந்தாலும், டிசைனுக்கு இழையைத் தூக்கற ஜக்கார்டு கருவியில ஒரு கொக்கி தூக்காம நின்னாலும், நடந்து போறப்பவே கண்ணு அங்கே போய் நிக்கும். கல்யாணத்துக்குப் போனா பொண்ணு முகத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி முந்தியில விட்டுப்போன இழையைப் பார்க்கறேன். என் வீட்டுக்காரம்மா இதுக்காகவே என்னைத் திட்டும். முழுசு முந்தும்னா எனக்கு ஏன் முந்தல?

இன்னொண்ணு. எங்க நைனா (அப்பா) கிராஃப், அதாவது புடவை டிசைனுக்கான கட்டப் படம், போடறவர். இப்ப கம்ப்யூட்டர் வந்துடுச்சு, அப்போ எல்லாம் கையாலதான். கட்டம் போட்ட தாள்ல பென்சிலால ஒவ்வொரு கட்டமா நிரப்பி ஒரு அன்னம் புட்டா வரும். குறுக்கே ஒரு வரிசைக் கட்டம்னா ஒரு அட்டை, ஒரு அட்டைன்னா ஒரு ஊடை (குறுக்கு நூல்). நிரப்பின கட்டத்துக்கு அட்டையில ஓட்டை குத்துவாங்க. ஒரு கட்டம் தப்பிச்சுன்னா அந்தத் தப்பு புடவை பூரா, எத்தனை புட்டா இருக்கோ அத்தனையிலயும் வரும்.

நான் பத்தாவது படிக்கறப்ப நடந்தது. நைனா ஒரு அன்னம் போட்டு முடிச்சு, சுவத்துல ஊசி குத்தி மாட்டிட்டு, பத்தடி பின்னால போய்க் கண்ணை இடுக்கிக்கினு நின்னார். ரொம்ப நேரம் நின்னார். அப்பால, "டேய், இன்னாடா இது, அழுவுற மாதிரி கீது"ன்னார். எனக்கு ஒண்ணும் தெரியல. கிட்டப் போய் ரப்பரால கண்ணு இருந்த கட்டத்தை அழிச்சு, ஒரே ஒரு கட்டம் மேல ஏத்தினார். திரும்பி வந்து நின்னா, சத்தியமா சொல்றேன், அன்னம் சிரிச்சுது. ஒரு கட்டம்னா நாலு மில்லிமீட்டர்கூட இருக்காது.

அப்போ நைனா பார்த்தது முழுசா, பகுதியா? எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல.

---

மாக்கோலம் | 12:05

அண்ணா, "அழுவுற மாதிரி கீது"ன்னு அவர் சொன்னதும், எங்க மாமா "இழுக்குது"ன்னு சொன்னதும் ஒரே மாதிரி இருக்கு. ரெண்டு பேருக்கும் கெட்டுப்போச்சுன்னு தெரியுது. எங்கேன்னு மாமாவுக்குத் தெரியல, உங்க நைனாவுக்குத் தெரிஞ்சிருக்கு.

---

மூக்குக்கண்ணாடி (ராணிப்பேட்டை) | மதியம் 2:20

கண் பரிசோதகரா இருக்கேன். வாத்தியார் சொன்னதுல ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போச்சு: உருவம் கண்ணுல எவ்வளவு பெருசா விழுதுங்கறது.

நேவனுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, 1979ல, கின்ச்லா, வுல்ஃப்னு ரெண்டு பேர் அதே மாதிரி எழுத்துகளைச் சின்னதுலேருந்து ரொம்பப் பெருசு வரைக்கும் காட்டினாங்க. பெரிய எழுத்து கண்ணுல ஏறக்குறைய 7 டிகிரிக்குள்ள விழுந்தா முழுசு முந்துது. அதைத் தாண்டிப் பெருசானா சின்ன எழுத்து முந்துது! அதாவது மேலேருந்து கீழேயும் இல்லை, கீழேருந்து மேலேயும் இல்லை. கண்ணுக்குத் தோதான ஒரு நடு அளவு இருக்கு, அந்த அளவுல எது விழுதோ அதுதான் முதல்ல.

7 டிகிரின்னா எவ்வளவு? கையை நேரா நீட்டி, கட்டைவிரலை விட்டுட்டு நாலு விரலைச் சேர்த்து வையுங்க. அந்த அகலம், கிட்டத்தட்ட.

இப்போ அக்கா கோலத்துக்குக் கணக்கு. கோலம் 5 அடி அகலம்னு வைப்போம். குனிஞ்சு போடறப்ப கண்ணுக்கும் தரைக்கும் 3 அடி. அப்போ கோலம் விழறது 80 டிகிரி. மாடியிலேருந்து 20 அடின்னா 14 டிகிரி. போன் திரையில அந்தப் படம் 5 செ.மீ., கண்ணுலேருந்து 40 செ.மீ. தள்ளிப் பிடிச்சா? 7 டிகிரி. கணக்கு போட்டதும் எனக்கே புல்லரிச்சுது. எழுத்துக்குக் கிடைச்ச எண்ணு கோலத்துக்கும் அச்சா பொருந்தணும்னு இல்லை. ஆனா 80க்கும் 7க்கும் உள்ள தூரத்தைப் பாருங்க.

இன்னொண்ணும் சேர்த்துக்கணும். நம்ம கண்ணுல கூர்மையா தெரியற இடம் நடுவுல 2 டிகிரிதான், நீட்டின கையில கட்டைவிரல் அகலம். குனிஞ்சிருக்கறப்ப நீங்க இழுத்துக்கிட்டிருக்கற சுழியில ஒரு துண்டுதான் அதுக்குள்ள அடங்கும். மத்த நூறு சுழியும் மங்கல்ல கிடக்கும். ஒவ்வொரு சுழியையும் சரியா பார்த்தீங்க. விட்டுப்போன சுழிக்கு அங்கே பார்க்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே!

ஆரணி அண்ணனுக்கு: உங்க நைனா கண்ணை இடுக்கினது சும்மா இல்லை. இடுக்கினா நுணுக்கமான கோடெல்லாம் கரைஞ்சு பெரிய வெளிச்சமும் நிழலும் மட்டும் நிக்கும். மங்கலா இருக்கற தகவலும் நுணுக்கமான தகவலும் தனித்தனியா எடுத்துக் கோர்க்கக்கூடியது. அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில ஓட் ஒலிவாவோட குழு செஞ்ச படம் ஒண்ணு உண்டு: கிட்டப் பார்த்தா ஐன்ஸ்டைன், தள்ளிப் போனா மர்லின் மன்றோ. ஒருத்தர் நுணுக்கத்துல, இன்னொருத்தர் மங்கல்ல. கண்ணாடியைக் கழட்டினாலும் மன்றோதான் தெரியும். மாக்கோலம் அக்கா, மாமா கண்ணாடி போடாம இருந்தார்னு சொன்னீங்களே, அது அவருக்கு உதவியாத்தான் இருந்திருக்கும்.

---

மாக்கோலம் | 2:41

மாமாகிட்ட படிச்சுக் காட்டினேன். "அப்போ கண்ணாடி வாங்கின காசு தண்டமா"ன்னு கேட்டார். கணக்கை மட்டும் ரெண்டு தடவை திரும்பப் படிக்கச் சொன்னார்.

---

பிழைதிருத்தி (வேலூர்) | மாலை 5:30

32 வருஷமாக அச்சகத்தில் மெய்ப்பு பார்க்கிறேன். தை, மாசி வந்தால் கல்யாணப் பத்திரிகைதான். முழுமை முந்துவதால் என் பிழைப்பே நடக்கிறது என்று சொல்லலாம். எழுதினவர் கண்ணுக்கு அவர் பிழை தெரியவே தெரியாது. சொல்லின் முகம் தெரிந்ததும் உள்ளே இருக்கிற எழுத்தைக் கண் எண்ணுவதில்லை.

என்னுடைய முறை இது. திருமண அழைபிதழ் வந்ததும் முதலில் ஒரு முறை சாதாரணமாகப் படிப்பேன், பொருள் சரியா என்று. அடுத்த முறை கடைசி வரியின் கடைசிச் சொல்லில் ஆரம்பித்துப் பின்னோக்கி வருவேன். அப்போது சொல் சொல்லாக நிற்காது, எழுத்தாக உதிர்ந்துவிடும். மூன்றாவது முறை, ஒரு அட்டையில் வெட்டிய சின்னச் சன்னலை வைத்துப் பெயர்களை மட்டும் பார்ப்பேன். மணமகன் பெயரில் ண, ன மாறிப்போய் ஆயிரம் பத்திரிகை அடித்த இடம் உண்டு. அந்தக் குடும்பத்தின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அட்டைச் சன்னல் அன்றைக்குப் பிறகு வந்தது.

மேலே "திருமண அழைபிதழ்" என்று ஒரு ப் விட்டு எழுதியிருக்கிறேன். எத்தனை பேர் பார்த்தீர்கள்?

---

வாலாஜா | 5:44

ரெண்டு தடவை படிச்சேன் ஐயா. பார்க்கவே இல்லை.

---

காட்பாடி வாத்தியார் | 6:50

நான் பார்த்தேன், ஆனால் நீங்கள் கேட்ட பிறகு மேலே போய்த் தேடித்தான்.

ஐயா சொன்னதற்கு இன்னொரு முகமும் உண்டு. முழுமை பகுதியை மறைப்பது மட்டும் இல்லை, பகுதியைக் காட்டிக் கொடுக்கவும் செய்கிறது. 1969இல் ரெய்ச்சர் என்பவர் ஒரு எழுத்தைத் தனியாகவும் சொல்லுக்குள் வைத்தும் கண நேரம் காட்டிப் பார்த்தார். தனியாக நின்றபோது தெரியாத எழுத்து, சொல்லுக்குள் நின்றபோது நன்றாகத் தெரிந்தது. ஊகத்தால் சொல்லிவிட முடியாதபடி சோதனையை அமைத்திருந்தார். தனி எழுத்தைப் பார்ப்பதைவிடச் சொல்லுக்குள் எழுத்தைப் பார்ப்பது எளிது. விந்தைதான்.

முகமும் அப்படியே. 1980இல் இங்கிலாந்தில் பீட்டர் தாம்சன், அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சரின் புகைப்படத்தில் கண்ணையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டினார். படம் நேராக இருந்தால் பார்க்கவே பயங்கரம். படத்தையே தலைகீழாகப் பிடித்தால் சாதாரணமாகப் புன்னகைக்கிற பெண்மணி போலத்தான் தெரிகிறது. முகம் கவிழ்ந்ததும் உறுப்புகளுக்கு இடையே உள்ள உறவைப் படிக்கிற திறமை போய்விடுகிறது. ஆரணித்தறி அண்ணன் சொன்ன அன்னத்தின் கண் இதுதான். நைனா கட்டத்தையும் பார்க்கவில்லை, வெறும் உருவத்தையும் பார்க்கவில்லை. கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார்.

வெர்த்தைமரின் சகாவான உளவியலாளர் குர்ட் கோஃப்கா சொன்னதாக "முழுமை பகுதிகளின் கூட்டுத்தொகையைவிடப் பெரியது" என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அவர் பெரியது என்று சொல்லவில்லை, கூட்டுத்தொகையிலிருந்து வேறானது என்றுதான் சொன்னார். அன்னம் எத்தனை கட்டமோ அத்தனை கட்டமாகத்தான் இருந்தது, ஒன்றுகூடக் கூடவில்லை. அழுகையும் சிரிப்பும் எந்தக் கட்டத்திலும் இல்லை.

---

கோட்டைவாசல் | இரவு 8:15

வேலூர்க்காரங்க ஒருத்தரும் இன்னும் நம்ம கோட்டைக்கு வரலையே! ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துல ரிஷபகுஞ்சரம் பார்த்திருக்கீங்களா? காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கிட்டு நிக்கும். தாராசுரத்துல இருக்கறது ரொம்பப் பேர் போனது, ஆனா நமக்குத் தாராசுரம் போக வேண்டியதில்லை. யாளித் தூணையும் குதிரை வீரனையும் பார்த்துட்டு எல்லாரும் வெளியே போயிடறாங்க, இது கண்ணுல படாது.

உள்ளங்கையால காளை உடம்பை மறைங்க, யானை. யானை உடம்பை மறைங்க, காளை. அந்தத் தலையில ஒரு வெட்டுகூட மாறல. அதே கண்ணு, அதே வளைவு. எந்த உடம்பு தெரியுதோ அதுக்குத் தக்கபடி அந்த வளைவுக்குப் பேர் மாறுது. பையனைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். கையை மாத்தி மாத்தி வச்சு அரை மணி நேரம் அங்கேயே நின்னான். ரெண்டையும் ஒரே நேரத்துல பார்க்க முடியுதான்னு கேட்டேன். "இல்லப்பா, ஒண்ணு வந்தா ஒண்ணு ஓடிடுது"ன்னான்.

உளி பிடிச்ச ஆளுக்கு உறுப்பு எப்படி முழுசுக்கு அடங்குதுன்னு அத்துப்படியா தெரிஞ்சிருக்கு.

---

குடியாத்தம் மகன் | இரவு 10:50

இதுவரைக்கும் படிச்சுட்டு எழுதலாமா வேண்டாமான்னு இருந்தேன்.

எங்கம்மாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பக்கவாதம். மூளையில வலது பக்கம் அடைப்பு, இடது கை கால் சரியா வரல. பேச்சு நல்லா இருக்கு, கணக்கு நல்லா இருக்கு, பேரப்பசங்க பிறந்தநாள் எல்லாம் சொல்லும். போன மார்கழியில கோலம் போடணும்னு அழுதுது. வாசல்ல உட்கார முடியாது, அதனால ஸ்லேட்டும் சாக்பீஸும் கொடுத்தேன். அஞ்சு புள்ளிக் கோலம், அம்பது வருஷமா போட்டது.

வலது கையாலதான் போட்டுது, கை நடுங்கல. ஒவ்வொரு புள்ளியைச் சுத்தியும் ஒரு சுழி, அவ்வளவு அழகா, பழைய கைவாகு அப்படியே இருந்துது. ஆனா அந்தச் சுழிகள் ஒண்ணோட ஒண்ணு சேரல. புள்ளி வரிசையில நிக்கல. ஸ்லேட்டு முழுக்கத் தனித்தனி சுழியா சிதறிக் கிடந்துது. அம்மா அதைப் பார்த்துட்டு, "போட்டுட்டேன்டா"ன்னு சொல்லுச்சு. நான் நல்லாருக்கும்மான்னு சொல்லிட்டுப் பின்கட்டுக்குப் போயிட்டேன்.

அது ஏன் அப்படின்னு யாரும் எனக்குச் சொல்லல. இங்கே படிச்சப்பதான் இது ஒரு விஷயமா இருக்குமோன்னு தோணுச்சு.

---

காட்பாடி வாத்தியார் | இரவு 11:35

தம்பி, எழுதினீர்களே, நன்றி. தூங்கப் போனவன் உங்களுக்காக எழுந்து வந்து எழுதுகிறேன்.

ஆம், இது தெரிந்த விஷயம். 1986இல் டெலிஸ், ராபர்ட்சன், எஃப்ரான் என்ற மூவர், பக்கவாதம் போன்ற காரணங்களால் மூளையின் ஒரு பக்கம் மட்டும் பழுதானவர்களிடம் நேவன் எழுத்துகளைக் காட்டி, நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். வலது பக்கம் பழுதானவர்கள் சின்ன எழுத்துகளைச் சரியாக எழுதினார்கள், ஆனால் அவை பெரிய எழுத்தாக அமையவில்லை, தாளில் சிதறிக் கிடந்தன. இடது பக்கம் பழுதானவர்கள் பெரிய எழுத்தை வரைந்தார்கள், அதில் சின்ன எழுத்துகளே இல்லை, வெறும் கோடுதான். அந்தக் கட்டுரையின் படத்தை எத்தனையோ வருடம் வகுப்பில் காட்டியிருக்கிறேன். உங்கள் அம்மாவின் ஸ்லேட்டு அந்தப் படம்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். வலது பக்கம் அடைபட்டவர்களில் பலருக்கு இடது புறம் இருப்பதையே மனம் கவனிக்காமல் விடுவதும் உண்டு. தட்டில் இடது பாதிச் சோறு அப்படியே இருக்கும். அது வேறு சிக்கல், ஆனால் கலந்து வரும். பயிற்சி தருகிறவரிடம் இரண்டையும் சொல்லுங்கள், ஸ்லேட்டைப் படம் எடுத்துக் காட்டுங்கள்.

அம்மாவுக்குக் கை மறக்கவில்லை, கோலமும் மறக்கவில்லை. சுழிகளைக் கோர்க்கிற இடம்தான் அடிபட்டிருக்கிறது.

---

ஆரணித்தறி | மார்கழி 12, காலை 6:20

தம்பி, படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வரல. எங்க நைனா கடைசிக் காலத்துல கிராஃப் போட முடியாம இருந்தப்ப, நான் வெளிக்கோட்டை முதல்ல சிவப்புப் பென்சிலால போட்டுக் கொடுப்பேன், அவர் உள்ளே கட்டம் நிரப்புவார். வியாதி வேற, ஆனா செஞ்சு பாருங்க. ஸ்லேட்டுல கோலத்தோட வெளிக்கோட்டை நீங்க போட்டுக் கொடுங்க. அம்மா உள்ளே போடட்டும்.

---

மூக்குக்கண்ணாடி | காலை 9:00

பெரியவங்களைப் பத்திப் பேசிட்டோம், ஒரு வார்த்தை குழந்தைகளுக்கும். பிறக்கறப்பவே ரெண்டு கண்ணுலயும் புரையோட பிறந்து, சில மாசத்துலயே புரை எடுக்கப்பட்டவங்களைப் பல வருஷம் கழிச்சு கனடாவுல சோதிச்சாங்க, 2001ல வந்தது. கண்ணு, மூக்கு, வாய் தனித்தனியா மாறினா நல்லாவே கண்டுபிடிச்சாங்க. ஆனா கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி மாறினா தடுமாறினாங்க. வாழ்க்கையோட முதல் சில மாசம் மட்டும் தெளிவா பார்க்காம விட்டுப்போனதோட விளைவு அது. அன்னத்தோட கண்ணை ஒரு கட்டம் ஏத்தற வேலை இருக்கே, அதுக்கு அஸ்திவாரம் தொட்டில்லயே போடறாங்க.

குழந்தையோட கண்மணியில வெள்ளையா ஏதாவது தெரிஞ்சா, போன்ல ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்துல ஒரு கண்ணு மட்டும் வெள்ளையா மின்னினா, நல்ல நாள் பார்க்காம அன்னைக்கே கண் மருத்துவர்கிட்ட காட்டுங்க. கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

---

காட்பாடி வாத்தியார் | 10:10

ஆரணித்தறி அண்ணன் நேற்றுக் கேட்ட முதல் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "எனக்கு ஏன் முந்தல" என்று கேட்டார்.

முழுமை முந்துவது எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. நமீபியாவின் வடக்கே மாடு மேய்க்கும் ஹிம்பா மக்களிடம் டேவிடாஃப் குழு 2008இல் இதே மாதிரி உருவங்களைக் காட்டி, எது எதோடு ஒத்துப்போகிறது என்று கேட்டது. பெரும்பாலும் அவர்கள் சின்ன உருவத்தை வைத்தே சேர்த்தார்கள். பின்னால் 2012இல் வந்த ஆய்வில், நகரத்துக்குப் போய்ப் பழகிய ஹிம்பாக்களிடம் அந்தச் சாய்வு குறைந்திருந்தது. ஆக, கண் பழக்கத்துக்கு வளைகிறது. தறியில் வளர்ந்த கண் இழைக்கு வளைந்திருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நேற்று நான் ஒரேயடியாக "முழுமை முந்தும்" என்று எழுதியது அவசரம். அண்ணன் சொன்னது சரி.

வாலாஜா தம்பிக்கும் ஒரு திருத்தம் கடன்பட்டிருக்கிறேன். மரயானை பொருந்தாது என்றேன். இரவு யோசித்தேன், பொருந்துகிறது. 1982இல் ரூத் கிம்ச்சியும் ஸ்டீபன் பால்மரும் காட்டியது இது: பெரிய உருவத்தைச் செய்யும் சின்ன உருவங்கள் நாலைந்து மட்டும் இருந்தால் அவை உறுப்பாகத் தெரிகின்றன. எண்ணிக்கை ஏற ஏற, சிறுத்துக்கொண்டே போக, அவை உறுப்பாக இருப்பதை விட்டுவிட்டு அந்த உருவம் செய்யப்பட்ட பொருளாக, ஒரு துணியின் நெசவு போல, ஆகிவிடுகின்றன. உருவம் தனி, பொருள் தனி என்று கண் பிரித்துக்கொள்கிறது. அஞ்சு புள்ளிக் கோலத்தில் சுழி உறுப்பு. பதினைந்து புள்ளிக் கோலத்தில் சுழி மரம்.

---

வாலாஜா | 10:18

சார்! இதை எங்க தாத்தாகிட்ட சொல்லணும், அவர்தான் சின்ன வயசுல அந்த யானை கதை சொன்னவர்.

---

ஆரணித்தறி | 10:45

சார் சொல்றதுல ஒண்ணு சேர்க்கறேன். பிழை எனக்கு முதல்ல தெரியுதுன்னு சொன்னேன்ல, யோசிச்சுப் பார்த்தா நான் இழையை எண்ணிக்கினு போறதில்லை. புடவை ஓடற ஓட்டம் ஒண்ணு இருக்கு. அது தடுக்குற இடத்துலதான் கண்ணு நிக்குது. அது முழுசா பகுதியான்னா, ரெண்டும் இல்லாம நடுவுல ஏதோ.

---

மாக்கோலம் | மார்கழி 14, காலை 7:30

ரெண்டு நாளா எழுத முடியல, வீட்டுல ஒரு சோதனை செஞ்சுக்கிட்டிருந்தேன்.

நேத்து வேணும்னே ஒரு சுழியை விட்டுட்டேன். இந்தத் தடவை இடது பக்கம், உள்ளே தள்ளி. மாமா கேட் பக்கத்துல நின்னு பார்த்தார். "வயித்துல ஓட்டை இருக்கற மாதிரி இருக்கு"ன்னார். எங்கே மாமான்னேன். கையைப் பொதுவா ஆட்டினார். கிட்ட வந்து நின்னு தேடினார், கிடைக்கல. எரிச்சலாகி உள்ளே போயிட்டார்.

அப்புறம் என் பொண்ணு, ஏழு வயசு, பல் தேய்ச்சுக்கிட்டே வந்தா. "கோலம் எப்படிடீ இருக்கு"ன்னேன். சூப்பர்னா. படியில உட்கார்ந்து புள்ளிகளை ஒண்ணொண்ணா விரலால தொட ஆரம்பிச்சா. எதுக்குடீன்னா, "எண்ணறேன்"னா. நாப்பத்தி எத்தனையோ வரும்போது நிறுத்தி, "அம்மா, இது மட்டும் தனியா இருக்கு"ன்னா. கோலம் கெட்டுப்போச்சுன்னு அவளுக்குத் தோணவே இல்லை. அந்தப் புள்ளி பாவம்னு மட்டும்தான் சொன்னா.

இன்னைக்கு வேற மாதிரி செஞ்சேன். மூணு வரிசைக்கு ஒரு தடவை எழுந்து கேட்டு வரைக்கும் போய், திரும்பி, கண்ணை இடுக்கிப் பார்த்துட்டு வந்தேன். ஆரணி அண்ணன் நைனா மாதிரி. ஏழாவது வரிசையில ஏதோ இழுத்துது. எங்கேன்னு தெரியல. குழந்தையை எழுப்பிக் கூட்டி வந்து எண்ணச் சொன்னேன். ரெண்டு நிமிஷத்துல விரலை வச்சுட்டா.

குடியாத்தம் தம்பி, அம்மாவுக்கு வெளிக்கோடு போட்டுக் கொடுத்தீங்களா?

---

குடியாத்தம் மகன் | 9:05

நேத்து போட்டுக் கொடுத்தேன் அக்கா, சிவப்பு சாக்பீஸ்ல, புள்ளியும் நானே வச்சேன். சுழி மூணு வெளியே போச்சு. மத்தது உள்ளே நின்னுது, ரெண்டு இடத்துல சேர்ந்தும் இருந்துது. அம்மா ஸ்லேட்டைத் தள்ளிப் பிடிச்சுப் பார்த்துட்டு, "இடது பக்கம் இன்னும் இழுக்கணும்டா"ன்னு சொல்லுச்சு.

இடது பக்கம்னு அதுவா சொல்லுச்சு, நான் கேட்கல.